மெல்ல எரியும் வாணம் மேலே போவது ஏன்?

தீபாவளியன்று வாணம் விட்டவர்கள் யாவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். புட்டியில் நிறுத்திய வாணத்தின் திரியைப் பற்ற வைத்ததும் அது சீறிக் கிளம்புகிறது. கண் இமைப்பதற்குள் மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது. மிச்ச தூரத்தை அது பெற்ற வேகத்தின் பலத்தில்தான் கடக்கிறது. அதே மருந்து, அளவு மாறாமல், நான்கைந்து மடங்கு நேரம் நின்று மெதுவாக எரிந்தால் வாணம் இன்னும் உயரப் போகுமா, அன்றிக் குறைவாகப் போகுமா? இந்தக் கேள்வியை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயற்பியல் கற்பித்து வரும் என்னிடம் ஒருவர் வகுப்பறையில் வைத்துக் கேட்டார். நான் தயங்காமல் தவறான விடையைச் சொன்னேன்.

கேட்டவர் நம் கல்லூரியில் என்னிடமே பயின்று, இப்போது அமெரிக்காவில் பொறியாளராகப் பணிபுரியும் பழைய மாணவர். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தவரை, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அழைத்து வந்தேன். பிழைப்பைப் பற்றிச் சொல்லாமல் அவர் தம் பொழுதுபோக்கைப் பற்றிச் சொன்னார். ஆண்டுக்கு ஓரிரு முறை நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்திற்குப் போய், தாமே கட்டிய ராக்கெட்டுகளை வானில் ஏவுவதுதான் அப்பொழுதுபோக்கு.

“ஒரே அளவு மருந்து சார். ஒரு மோட்டாரில் ஒன்றரை விநாடியில் எரிந்துவிடும்; இன்னொன்றில் ஏழு விநாடி எரியும். எது உயரப் போகும்?” என்றார்.

“ஒன்றரை விநாடிதானப்பா. எரிந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு விநாடியும் புவியீர்ப்பு 9.8 மீட்டர் வேகத்தைத் தின்றுவிடும். சீக்கிரம் எரிந்தால் இழப்பு குறைவு” என்றேன். மாணவர்களும் தலையை ஆட்டினார்கள்.

“காற்று இருக்கிறதே, சார்” என்றார் அவர்.

அன்று மாலையே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைச் சொல்வதற்கு முன், அந்தப் பொழுதுபோக்கைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல வேண்டும்.

ராக்கெட் ஏவுவோரின் தேசியச் சங்கம் அமெரிக்காவில் 1957-இல் தோன்றியது. பெரிய ராக்கெட்டுகளை விரும்புவோருக்குத் ‘திரிப்போலி’ என்றொரு சங்கமும் உண்டு. இவர்கள் எரிபொருளைத் தாங்களே கிண்டிக் காய்ச்ச வேண்டியதில்லை. சோதித்துச் சான்றளிக்கப்பட்ட மோட்டார்களைக் கடையில் வாங்குகிறார்கள். மோட்டார் என்றதும் நாம் கிணற்றடி மோட்டாரை நினைத்துக்கொள்ளக் கூடாது. திட எரிபொருள் அடைத்த ஓர் உருளை, அதன் அடியில் நாசில் என்னும் குறுகிய வாய், அவ்வளவே. பெரிய மோட்டாரை எல்லாருக்கும் விற்பதில்லை. எச், ஐ வகைகளுக்கு முதல் நிலைச் சான்று. ஜே முதல் எல் வரை இரண்டாம் நிலை. எம் வகையும் அதற்கு மேலும் மூன்றாம் நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ராக்கெட்டை ஏவி, பழுதின்றித் திரும்ப இறக்கிக் காட்ட வேண்டும்.

இந்த எழுத்துகளில்தான் நம் விஷயம் இருக்கிறது. விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு என்று படித்திருக்கிறோம். மோட்டாரின் எழுத்து அதன் மொத்தக் கணத்தாக்கின் எல்லையைச் சொல்கிறது. எழுத்து ஒன்று ஏறினால் எல்லை இரட்டிக்கும். எஃப் என்றால் 40-க்கு மேல் 80 நியூட்டன்-விநாடி வரை, ஜி என்றால் 160 வரை, எச் 320, ஐ 640, ஜே 1280, கே 2560. சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைதான். எழுத்துக்குப் பின்வரும் எண், சராசரி உந்துவிசை எத்தனை நியூட்டன் என்பது. எனவே முன்னதைப் பின்னதால் வகுத்தால் எரியும் நேரம் கிடைத்துவிடும். எச்-13 என்று ஒரு மோட்டார் உண்டு. எச் என்பதால் அதன் கணத்தாக்கு 160-க்குக் குறையாது. அதை 13-ஆல் வகுத்தால் 12 விநாடிக்கு மேல் வரும். கடைக்காரரைக் கேட்காமலே அது நெடுநேரம் எரியும் வகை என்று சொல்லிவிடலாம்.

இனி என் கணக்கு. 29 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரு மோட்டார்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று எஃப்-50, மற்றது எஃப்-10. இரண்டிலும் கணத்தாக்கு ஏறத்தாழ ஒன்றே. 76 நியூட்டன்-விநாடி என்று வைத்தேன். முன்னது ஒன்றரை விநாடி எரியும். பின்னது ஏழு விநாடி. இரண்டையும் ஒரே ராக்கெட்டில் பொருத்துவதாக நினைத்தேன். அதன் தடிமன் 32 மில்லிமீட்டர், புறப்படும்போது நிறை 200 கிராம், அதில் எரிபொருள் 40 கிராம். காற்றுத்தடைக் கெழு 0.45. காற்றின் அடர்த்தி தரையிலுள்ளபடியே மாறாது என்றும் கொண்டேன். இது முழு உண்மையன்று, ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திற்குள் பெரிய பிழையுமன்று.

முதலில் காற்றே இல்லாத உலகம். எஃப்-50 ஏறத்தாழ 8,800 மீட்டர் உயரம் போகிறது. எஃப்-10 போவது 7,600 மீட்டர். வகுப்பில் நான் சொன்ன விடை சந்திரனில் சரி.

பிறகு காற்றைச் சேர்த்தேன். எஃப்-50 ஏறிய உயரம் 1,300 மீட்டர். எஃப்-10 ஏறியது 1,550 மீட்டர்.

இரண்டு எண்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக எரிந்தது 250 மீட்டர் கூடுதலாகப் போனது ஒருபுறம் இருக்கட்டும். 8,800 மீட்டரில் ஏழாயிரத்துக்கும் மேல் காற்று விழுங்கிவிட்டதே! புவியீர்ப்பைப் பெரிய எதிரியாக நினைத்துச் சிறிய இழப்பைக் காத்துக்கொண்டு, பெரிய இழப்பைக் கோட்டைவிட்டிருந்தேன். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான்.

மெய்யாகப் பார்த்தால் எஃப்-50-இன் நிலை இன்னும் மோசம். அது எரிந்து முடியும்போது வேகம் விநாடிக்கு 330 மீட்டரை எட்டுகிறது. அதாவது ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. அந்த எல்லையில் அதிர்ச்சி அலைகள் உண்டாகித் தடைக் கெழுவே வெகுவாக உயர்ந்துவிடும். நான் 0.45 என்றே வைத்துக் கணக்கிட்டது அதற்குக் காட்டிய சலுகை. எஃப்-10 விநாடிக்கு 190 மீட்டரைத் தாண்டுவதில்லை. அதற்கு இத்தொல்லை இல்லை. தவிர, மோட்டார் எரிகிற வரையில் வெளிவரும் வாயு ராக்கெட்டின் அடிப்புறத்து வெற்றிடத்தை நிரப்புவதால் அங்கே இழுக்கும் தடை குறைகிறது. நெடுநேரம் எரிவதற்கு இந்தச் சிறு ஆதாயமும் உண்டு.

அப்படியானால் எவ்வளவு மெதுவாகப் போவது நல்லது? இதற்கு ஓர் அழகான விடை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாததால் சற்று விரித்தே சொல்கிறேன்.

ராக்கெட் 100 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 மீட்டருக்கு இயற்கை இரண்டு சுங்கம் வசூலிக்கிறது. ஒன்று புவியீர்ப்புச் சுங்கம்: எத்தனை விநாடி ஆகிறதோ அத்தனை 9.8. மற்றது காற்றுச் சுங்கம்: தடையால் வரும் எதிர் முடுக்கத்தை அந்த விநாடிகளால் பெருக்கியது. மேற்சொன்ன ராக்கெட் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஏறினால் ஈர்ப்புக்கு 33, காற்றுக்கு 4, ஆக ஏறத்தாழ 36 மீட்டர் வேகத்தை இழக்கிறது. 300 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் ஈர்ப்புக்கு 3 தான், ஆனால் காற்றுக்கு 36, மொத்தம் 39. இரண்டுக்கும் இடையில் 90 மீட்டர் வேகத்தில் ஏறினால் ஈர்ப்புக்கு 11, காற்றுக்கு 11, ஆக 22 தான். இதைவிடக் குறைந்த சுங்கம் வேறெந்த வேகத்திலும் இல்லை. இரண்டு சுங்கமும் சமமாகும் இடமே மலிவான இடம். வேறு விதமாகச் சொன்னால், காற்றுத்தடை ராக்கெட்டின் எடைக்குச் சமமாகும் வேகம் அது. மழைத்துளியைப் பற்றிப் படிக்கும்போது முற்றுத் திசைவேகம் என்று சொல்கிறோமே, அதே வேகம்தான். மேலிருந்து விழுந்தால் எந்த வேகத்திற்கு மேல் போகாதோ, அந்த வேகத்தில் மேலே ஏறுவதே சிக்கனம் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

இதை நான் கண்டுபிடித்ததாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 1919-இல் ராபர்ட் கொடார்டு, மிக உயரங்களை எட்டும் முறை பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரையில் இந்தச் சிக்கலைத்தான் எழுப்பினார். மெதுவாகப் போனால் ஈர்ப்பு தின்கிறது, வேகமாகப் போனால் காற்று தின்கிறது, இடையில் ஒரு வேகம் இருக்க வேண்டுமே என்றார். 1927-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹாமல் அதை மாறுபாட்டு நுண்கணிதத்தின் வாயிலாக அணுகினார். இன்றும் அது ‘கொடார்டு சிக்கல்’ என்றே வழங்குகிறது. எரிபொருள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்து முழுமையாகப் போட்டால், தடை எடையைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்று வரும். நம் தேவைக்குச் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.2 கிலோகிராம், 10 கிலோமீட்டர் உயரத்தில் 0.4, 20 கிலோமீட்டரில் 0.09 தான். எனவே சிக்கன வேகமும் உயரத்தோடு கூடிக்கொண்டே போகும். முதலில் ஒரு வலுவான தள்ளல், பிறகு மெல்லிய, நீடித்த உந்தல், இதுவே உயரம் தேடும் ராக்கெட்டுக்கு உகந்த உணவு.

மோட்டார் செய்வோர் இந்த உந்தலை எப்படி வகுக்கிறார்கள்? மருந்தை மாற்றியும் செய்யலாம். பெரும்பாலும் எரிபொருள் கட்டியின் வடிவத்தை மாற்றியே செய்கிறார்கள். உந்துவிசை, எரியும் பரப்பைப் பொறுத்தது. கட்டியின் நடுவே நீளவாட்டில் ஓட்டை போட்டால் உட்சுவர் முழுதும் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். பரப்பு அதிகம், விசை அதிகம், ஆயுள் குறைவு. ஓட்டையே இல்லாமல் அடிமுனையில் மட்டும் பற்ற வைத்தால் ஊதுவத்திபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல எரிந்து போகும். ஆயுள் மிக நீளம், விசை மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஒரு தந்திரம்: ஓட்டையை நடுவில் போடாமல் ஓர் ஓரமாகப் போடுவது. எரிய எரிய மிச்சமுள்ள கட்டி பிறைநிலா வடிவம் கொள்வதால் இதற்கு நிலாப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் இதற்கும் விலை உண்டு. ஓட்டை இருக்கும் பக்கத்தில் உருளைச் சுவர் வெகு முன்னதாகவே தீயைப் பார்த்துவிடும்; அதைக் காக்கத் தடித்த காப்புறை வேண்டும்; காப்புறை எடையல்லவா? எரிபொருள் ஒருபக்கமாகக் குறைவதால் புவிஈர்ப்பு மையமும் சற்றே விலகும். நாசிலும் நெடுநேரம் சுடுவாயுவில் குளித்து அரிக்கப்படும்.

இவ்வளவும் கணக்கிட்டபின் என் மாணவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். “நான் சொன்னது தவறு. மெதுவாக எரிவதே மேல். எச்-13 போன்றதையே எப்போதும் வாங்குங்கள்” என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. “சார், இப்போது மறுபக்கம் சாய்ந்துவிட்டீர்கள்” என்று தொடங்கியிருந்தார்.

சாய்ந்துவிட்டீர்கள் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினாரா என்று தெரியவில்லை. பொருத்தமான சொல்தான். நெடுநேரம் எரியும் மோட்டாரின் ஆபத்தே சாய்வுதான்.

ராக்கெட்டை நிலைநிறுத்துபவை அதன் வாலிலுள்ள இறக்கைகள். இறக்கை வேலை செய்யக் காற்றில் போதிய வேகம் வேண்டும். அந்த வேகம் வரும்வரை ராக்கெட்டைத் தாங்கிப் பிடிக்க ஏவு தண்டவாளம் என்றொரு நிமிர்ந்த தண்டு இருக்கிறது. தண்டவாளத்தை விட்டு நீங்கும்போது வேகம் போதாவிட்டால், பக்கக் காற்று ராக்கெட்டின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவிடும். கோயில் கோபுரத்துக் கொடியைப்போல் காற்றோடு போகும் என்று நினைக்கலாம், அப்படியன்று. வால் தள்ளப்படுவதால் மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். திரும்பிய ராக்கெட்டின் மோட்டார் இன்னும் ஆறேழு விநாடி எரிந்து, அதைத் திரும்பிய திசையிலேயே தள்ளிக்கொண்டிருக்கும். மெல்லக் கிளம்புவதால் ஈர்ப்பும் தன் பங்குக்கு வளைத்துவிடும். உயரம் தேடிப் போனது பக்கவாட்டில் பாய்ந்து, கூடியிருப்பவர்களுக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது: புறப்படும்போது உந்துவிசை, ராக்கெட்டின் மொத்த எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தண்டவாளம் என்றால், ஐந்து மடங்கு விசையுள்ள ராக்கெட் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வெளிவரும். இரண்டு மடங்கே என்றால் 8 மீட்டர்கூட வராது. விநாடிக்கு 5 மீட்டர் காற்று வீசும் நாளில், முன்னது காணும் காற்று 18 பாகை சாய்ந்து வரும். பின்னது காண்பது 33 பாகை. எச்-13-இன் சராசரி விசை 13 நியூட்டன். ஐந்தால் வகுத்தால் 265 கிராம்தான் தூக்கலாம். மோட்டார் தானே பெரும்பங்கு நிறையை எடுத்துக்கொண்டுவிடும். ராக்கெட்டைக் காகிதத்தால்தான் செய்ய வேண்டும். இத்தகைய மோட்டார்கள் தொடக்கத்தில் ஒரு கணம் சராசரியைவிடப் பலமாகத் தள்ளும்படி செய்யப்படுவது இதனால்தான். எனவே பெயரிலுள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. உந்துவிசை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தைப் பார்க்க வேண்டும். முதல் அரை விநாடி என்ன செய்கிறது என்பதே முதற்கேள்வி.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு விடுதி மாடியில் யாரும் மருந்து கிண்ட வேண்டாம். சிவகாசிப் பக்கத்துச் செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். நம் நாட்டில் வெடிபொருள் சட்டமும் இதற்கு இடம் கொடாது. கணக்குப் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ‘ஓப்பன்ராக்கெட்’ என்ற கணினி நிரல் விலையின்றியே கிடைக்கிறது. நம் ஆய்வகக் கணினியில் அதை ஏற்றி வைத்திருக்கிறேன்.

சிக்கன வேகம் எல்லா ராக்கெட்டுக்கும் ஒன்றல்ல என்பதையும் அந்தப் பதிலுக்குப் பிறகே உணர்ந்தேன். ஒல்லியாகவும் கனமாகவும் உள்ளது காற்றை எளிதில் கிழிக்கும். அதன் முற்றுத் திசைவேகம் அதிகம். ஆகவே மெதுவாக எரிவதால் அதற்குக் கிட்டும் ஆதாயம் குறைவு. கடுகும் இறகும் ஒன்றாக விழுவதில்லையே. 2024 அக்டோபர் 20 அன்று, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் அதே பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து ஏவிய ‘ஆஃப்டர்ஷாக் 2’ என்ற ராக்கெட் 4,70,400 அடி, அதாவது 143 கிலோமீட்டர் உயரம் சென்றது. விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டரை அது தாராளமாகத் தாண்டியது. அதன் நீளம் 13 அடிதான். நிறை ஏறத்தாழ 150 கிலோகிராம். அது கிளம்பிய இரண்டே விநாடியில் ஒலி வேகத்தைக் கடந்தது. நம் 200 கிராம் ராக்கெட்டுக்கு அது தற்கொலை. அந்தக் கனத்துக்கு அது முறையான நடை. ஆனால் அதன் மோட்டாரும் அவசரப்பட்டு எரியவில்லை. 19 விநாடி வரை எரிந்து, அடர்ந்த காற்று கீழே போனபின்புதான் தன் உச்ச வேகத்தை அடைந்தது.

எரியும் நேரத்தை நீட்டாமலே அதே பயனைப் பெற வேறு வழியும் உண்டு. இரண்டடுக்கு ராக்கெட்டில் முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும் இரண்டாவதை உடனே பற்ற வைக்காமல், சிறிது நேரம் சும்மா ஏறவிட்டு, காற்று மெலிந்தபின் பற்ற வைப்பது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நம் நாட்டு மண்ணில் முதன்முதலாக விண்ணோக்கிக் கிளம்பிய நைக்கி-அப்பாச்சி இம்முறையைச் சேர்ந்ததே. அடர்ந்த காற்றில் அப்பாச்சியின் மருந்தை வீணாக்காமல், மேலே கொண்டுபோய்ப் பற்ற வைத்தார்கள். பொழுதுபோக்கு ராக்கெட்டில் இதைச் செய்வோர், ராக்கெட் சாய்ந்திருந்தால் இரண்டாம் அடுக்கு பற்றாதபடி தடுக்கும் மின்னணுக் கருவியையும் வைத்துக்கொள்கிறார்கள்.

இறங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலாயிரம் மீட்டர் உச்சியிலேயே பெரிய பாராசூட்டை விரித்தால், விநாடிக்கு 5 மீட்டராக இறங்க 800 விநாடி ஆகும். அதற்குள் காற்று அதை நான்கு கிலோமீட்டர் இழுத்துப் போய்விடும். ஆகவே உச்சியில் சிறு பாராசூட்டும், தரையை நெருங்கியபின் பெரியதுமாக விரிக்கிறார்கள்.

இனி மாணவரின் உண்மையான கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் நிலைச் சான்று பெற்றிருந்த அவர் முன்னிருந்தவை 54 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு மோட்டார்கள்: கே-185, கே-550. இரண்டின் கணத்தாக்கும் ஏறத்தாழ ஒன்றே. 1,400 என்று கொண்டால் முன்னது ஏழரை விநாடி, பின்னது இரண்டரை விநாடி. அவருடைய ராக்கெட்டின் நிறை 3 கிலோகிராம், தடிமன் 58 மில்லிமீட்டர். ஏவுமிடம் கடல் மட்டத்திற்கு 1,200 மீட்டர் மேலே என்பதால் காற்று அங்கேயே சற்று இலேசு. முன்போலவே அடர்த்தி மாறாது என்று கணக்கிட்டேன். இவ்வளவு உயரத்திற்கு அது போதாது, மெய்யான உயரங்கள் இதைவிடக் கூடுதலாகவே வரும். ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கே-550-க்கு 4,240 மீட்டர். கே-185-க்கு 4,540 மீட்டர். எஃப் மோட்டாரில் நூற்றுக்கு இருபதாக இருந்த ஆதாயம் இங்கே ஏழாகச் சுருங்கிவிட்டது. கனம் கூடியதன் பலன்.

அடுத்துச் சாய்வு. மூன்று மீட்டர் தண்டவாளத்தை கே-550 விநாடிக்கு 32 மீட்டர் வேகத்தில் விட்டு நீங்கும். கே-185 நீங்குவது 18 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக. காற்று 5 மீட்டர் வீசினால் சாய்வு முறையே 9 பாகை, 16 பாகை. 8 மீட்டர் வீசினால் 14, 24. முழுச் சாய்வும் பயணம் நெடுக நிற்பதில்லை. வேகம் ஏற ஏற அது குறையும். ஆனாலும் சாய்ந்த ராக்கெட்டின் உயரம், சாய்வின் கோசைன் மதிப்பின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்று தோராயமாகக் கொள்ளலாம். 15 பாகைச் சாய்வுக்கு இழப்பு நூற்றுக்கு ஏழு. மெதுவாக எரிந்து சேர்த்த அத்தனையும் அந்த ஒரு சாய்விலேயே போய்விடுகிறது! 24 பாகை என்றால் கைமுதலும் போய்விடும்.

“காற்று அசையாத காலையென்றால் கே-185, விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் வீசினால் கே-550. தண்டவாளத்தை இன்னும் இரண்டு மீட்டர் நீட்ட முடியுமானால் அதையும் செய்யுங்கள்” என்று எழுதினேன். இம்முறை அவர் மறுப்பு எழுதவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு பாலைவனத்திற்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புகைப்படம் அனுப்பினார். வெள்ளைவெளேரென்ற வறண்ட ஏரிப் படுகை. நேர்க்கோடாக ஒரு புகைத்தடம். அடியில் நான்கு வரி. காலை ஒன்பது மணிக்கே காற்று எழுந்துவிட்டதாம். கே-550-ஐப் பூட்டி ஏவினாராம். நேராகப் போய், ஒரு கிலோமீட்டருக்குள் வந்து இறங்கியதாம். கே-185 இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். அடுத்த தடவை விடியுமுன்பே போய்விட வேண்டும், சார் என்று எழுதியிருந்தார்.